ப்ரோபில் டெவ்எம் போட்ட பிறகு அன்பைண்ட் செய்தால் போர்டு உறைந்துபோகிறது: எந்த வரிசையில் எழுத வேண்டும்?

ரெஜிஸ்டர்_மேப் கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே. ஒரு எஸ்ஓசியில் (ஒரே சிப்பில் அடங்கிய கணினி) இருக்கும் ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றுவது) பிளாக்குக்கான லினக்ஸ் டிரைவர் என் கைக்கு வந்திருக்கிறது. பிளாட்ஃபார்ம் டிரைவர், யூசர்ஸ்பேஸுக்கு ஒரு மிஸ்க் டிவைஸாக (கோப்பு போலத் திறக்கக்கூடிய எளிய கேரக்டர் டிவைஸ்) தெரியும். பழைய ப்ரோப் ஃபங்ஷனில் (டிரைவர் டிவைஸோடு இணையும்போது ஓடுவது), பாதியில் தோற்றால் எடுத்ததை விடுவிக்க ஏழு கோட்டோ லேபிள்கள். நடுவில் ஒரு ரெகுலேட்டரைச் சேர்க்க வேண்டி வந்தபோது, எந்த லேபிளுக்குத் தாவினால் எது விடுபட்டுப் போகும் என்று தாளில் எழுதிப் பார்த்துத்தான் சேர்க்க முடிந்தது. அதனால் எல்லாவற்றையும் டெவ்எம் வகைக்கு, அதாவது டிரைவர் கழலும்போது கெர்னலே விடுவித்துவிடும் வகைக்கு, மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

இதுவரை மாற்றியவை: கேஇசட்அல்லாக் (நினைவகம் எடுப்பது), ஐஓரீமேப் (ரெஜிஸ்டர்களை மேப் செய்வது), ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ (இன்டரப்டுக்கு ஹேண்ட்லரைப் பதிவது). இவற்றுக்கு டெவ்எம் வடிவம் இருப்பது தெரிந்ததால் மாற்றிவிட்டேன். கிளாக்கையும் ரெகுலேட்டரையும் தொடவில்லை. ரிமூவ் ஃபங்ஷனில் (டிரைவர் கழலும்போது ஓடுவது) இப்போது நான்கே வரிகள்: கேன்சல்_வொர்க்_சின்க் (பின்னால் ஓட வரிசையில் போட்ட வேலையான வொர்க்கை ரத்து செய்வது), மிஸ்க்_டிரெஜிஸ்டர், கிளாக்கை நிறுத்துவது, ரெகுலேட்டரை நிறுத்துவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் சாம்ப்ளிங் ஓடிக்கொண்டிருக்கும்போது சிஸ்எஃப்எஸ் வழியாக அன்பைண்ட் செய்தால், அதாவது டிரைவரை டிவைஸிலிருந்து கழற்றினால், போர்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஊப்ஸ் (கெர்னலின் பிழைச் செய்தி) இல்லை, சீரியல் கன்சோலில் ஒரு எழுத்துகூட வருவதில்லை. கடைசியில் வாட்ச்டாக் ரீசெட் செய்கிறது. சாம்ப்ளிங் ஓடாதபோது அன்பைண்ட் செய்தால் ஒன்றும் ஆவதில்லை. வேறொரு முறை போர்டு நிற்கவில்லை, ஆனால் வொர்க் ஃபங்ஷனுக்குள் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த நினைவகத்தைத் தொடுவது) என்று கேசன் (கெர்னலின் நினைவகப் பிழை கண்டறியும் கருவி) காட்டியது. வொர்க்கைத்தான் ரிமூவின் முதல் வரியிலேயே கேன்சல் செய்கிறேனே, பிறகு எப்படி?

இன்னொன்று. புதிதாக வந்திருக்கும் __ஃப்ரீ, கார்ட் ஆகியவற்றை (பிளாக் முடிந்ததும் நினைவகத்தையும் லாக்கையும் தானாக விடுபவை) போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமா? டெவ்எம்மே வேண்டாம் என்று ஆகிவிடுமா?

பழைய_டிரைவர் பதில்:

முதல் இரண்டும் ஒரே சிக்கல்தான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறது உங்கள் கோடு. ஏழு லேபிளோடு இருந்த பழைய வடிவம் அசிங்கமாக இருந்தாலும் வரிசை சரியாக இருந்தது. பாதியை மட்டும் மாற்றியதில் அந்த வரிசை குலைந்துவிட்டது.

அன்பைண்ட் செய்யும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். டிரைவர் கோர் முதலில் உங்கள் ரிமூவைக் கூப்பிடும். அது முழுக்க முடிந்து திரும்பிய பிறகுதான் டெவ்ரெஸ்_ரிலீஸ்_ஆல் ஓடும். அந்த டிவைஸின் பெயரில் பதிந்து வைத்த ஒவ்வொன்றையும், கடைசியாகப் பதிந்ததில் தொடங்கி முதலில் பதிந்தது வரை, அது விடுவிக்கும். உங்கள் கோடில் ஐஆர்க்யூ டெவ்எம்மில் இருக்கிறது, கிளாக் ரிமூவில் இருக்கிறது. ஆக கிளாக் முதலில் நிற்கிறது, ஐஆர்க்யூ பிறகு விடுபடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இன்டரப்ட் வந்தால் உங்கள் ஹேண்ட்லர் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கப் போகும். கிளாக் இல்லாத பிளாக்கைப் படித்தால் என்ன ஆகும் என்பது எஸ்ஓசியைப் பொறுத்தது. சிலவற்றில் எக்ஸ்டெர்னல் அபார்ட் வரும். சிலவற்றில் பதிலே வராமல் பஸ் காத்துக்கொண்டே நிற்கும், சிபியுவும் அந்த ஒரு ரீடிலேயே மாட்டிக்கொள்ளும். உங்களுடையது இரண்டாவது வகை. கன்சோலில் எதுவும் வராததற்கு அதுதான் காரணம். அச்சிட வேண்டிய சிபியுவே நகரவில்லை.

கேசன் காட்டியதும் இதே இடைவெளியில்தான். ரிமூவின் முதல் வரியில் வொர்க்கைக் கேன்சல் செய்கிறீர்கள், சரி. ஆனால் ஐஆர்க்யூ அப்போதும் உயிரோடு இருக்கிறது. கிளாக் நிற்பதற்கு முன் ஒரு இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் மறுபடியும் ஸ்கெட்யூல்_வொர்க் செய்யும். அதைக் கேன்சல் செய்ய இனி யாரும் இல்லை. பிறகு டெவ்எம் உங்கள் ஸ்ட்ரக்ட்டை விடுவிக்கும், வரிசையில் காத்திருந்த வொர்க் அதற்கப்புறம் ஓடும்.

இந்த வகைப் பிழையை எதேச்சைக்கு விடாமல் வரவழைக்க ஒரு வழி உண்டு. ஐஆர்க்யூவை ஐஆர்க்யூஎஃப்_ஷேர்ட் (வேறு டிவைஸ்களோடு பகிர்வது) என்று கேட்டிருந்தால், கான்ஃபிக்_டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூவை ஆன் செய்து பில்ட் எடுங்கள். ஃப்ரீ_ஐஆர்க்யூ நடக்கும்போது கெர்னலே உங்கள் ஹேண்ட்லரை வேண்டுமென்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். கிளாக்கை முன்கூட்டியே நிறுத்தும் டிரைவர் அந்த இடத்திலேயே விழும்.

தீர்வு: ப்ரோபில் எங்கே டெவ்எம் தொடங்குகிறதோ அங்கிருந்து கடைசி வரை எல்லாம் டெவ்எம்மாகவே போக வேண்டும். நடுவில் ஒன்று கைமுறையாக இருந்தாலும் அது வரிசையிலிருந்து பிய்ந்து முன்னால் வந்துவிடும். உங்கள் டிரைவருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதலில் ஸ்ட்ரக்ட், அடுத்து ஐஓரீமேப். அடுத்து டெவ்எம்_ரெகுலேட்டர்_கெட்_எனேபிள், அதற்கடுத்து டெவ்எம்_சிஎல்கே_கெட்_எனேபிள்ட். இரண்டும் 2022-ல் கெர்னலுக்குள் வந்தவை. வாங்குவது, ஆன் செய்வது, விடும்போது ஆஃப் செய்வது மூன்றையும் ஒரே அழைப்பில் முடித்துவிடும். கிளாக் வந்த கையோடு ஏடிசியின் இன்டரப்ட் மாஸ்க் ரெஜிஸ்டரில் எல்லாவற்றையும் மூடுங்கள், பூட்லோடர் எதையாவது திறந்து விட்டுப் போயிருக்கலாம். பிறகு டெவ்எம்_வொர்க்_ஆட்டோகேன்சல். அதற்கும் பிறகுதான் டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ. ஐஆர்க்யூ கிடைத்ததும், சாம்ப்ளிங்கை நிறுத்தி மாஸ்க்கை மூடும் ஒரு சின்ன ஃபங்ஷனை டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட் மூலம் பதியுங்கள். எல்லாம் தயாரான பின், கடைசியாக, மிஸ்க்_ரெஜிஸ்டர். அதை விலக்குவதும் ஒரு ஆக்ஷன்.

இதைக் கீழிருந்து மேலாக ஒருமுறை படியுங்கள். யூசர்ஸ்பேஸ் கதவு அடைகிறது. ஹார்ட்வேர் வாயை மூடுகிறது. ஐஆர்க்யூ விடுபடுகிறது, ஹேண்ட்லர் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் ஃப்ரீ_ஐஆர்க்யூ அது முடியும் வரை காத்திருக்கும். அதன்பின் வொர்க் கேன்சல் ஆகிறது, இனி அதை மறுபடி வரிசையில் போட ஆளில்லை. கிளாக், ரெகுலேட்டர், மேப்பிங், கடைசியில் நினைவகம். வொர்க்குக்கும் ஐஆர்க்யூவுக்கும் உள்ள வரிசையைத்தான் பலரும் தலைகீழாக எழுதுகிறார்கள். ஹேண்ட்லர் வொர்க்கைக் கூப்பிடுகிறது என்றால் வொர்க் முதலில் பதிவாக வேண்டும்.

எழுதி முடித்ததும் ரிமூவ் ஃபங்ஷனே இருக்காது. இருந்தால் ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். ரிவ்யூவுக்கு வரும் டிரைவரில் ப்ரோப் முழுக்க டெவ்எம், ரிமூவில் இரண்டு வரி என்று பார்த்தாலே நான் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் படிப்பேன். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.

டெவ்எம் ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல. கெர்னல் டெவலப்பர் தேஜுன் ஹியோ இதை 2007-ல், 2.6.21 வெளியீட்டில் கொண்டுவந்தார். லிப்ஏடிஏவை (ஏடிஏ டிஸ்க் டிரைவர்களின் பொது லைப்ரரி) ஐஓமேப்புக்கு (ரெஜிஸ்டர்களை அணுகும் பொது முறை) மாற்றும் வேலையில் கிளம்பிய விஷயம் அது. ஒவ்வொரு மேப்பிங்கையும் நினைவில் வைத்திருந்து, கழற்றும்போதும் ப்ரோப் பாதியில் தோற்கும்போதும் விடுவிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது வழி, அதாவது பாதியில் தோற்கும் வழி, எந்த டிரைவரிலும் அதிகம் சோதிக்கப்படாத பாதை. டெவ்எம்மின் பெரிய லாபம் வரிகள் குறைவது என்று சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிது, ப்ரோப் தோற்கும் பாதையும் அன்பைண்ட் பாதையும் ஒரே பட்டியலைப் பின்னிருந்து நடப்பது. ஒன்றைச் சோதித்தால் மற்றொன்றிலும் பெரும்பகுதி சோதித்தாயிற்று.

மூன்றாவது கேள்விக்கு வேறு யாராவது எழுதுங்கள், எனக்கு அதில் அவ்வளவு கை பழக்கம் இல்லை.

ஸ்கோப்_எண்ட் பதில்:

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

__ஃப்ரீயும் கார்டும் டெவ்எம்முக்கு மாற்று அல்ல. டெவ்எம்மில் பதிந்தது டிரைவர் அந்த டிவைஸோடு இருக்கும் வரை இருக்கும். __ஃப்ரீயும் கார்டும் இருக்கும் கிளீனப்.எச் தருவது ஒரு பிளாக்கின் மூடும் அடைப்புக்குறி வரை மட்டும். இதைக் கெர்னல் டெவலப்பர் பீட்டர் சிஜ்ல்ஸ்ட்ரா கொண்டுவந்தார், 2023-ல் 6.5 கெர்னலில் சேர்ந்தது. ஜிசிசியும் கிளாங்கும் தரும் கிளீனப் ஆட்ரிபியூட் ஒன்றின் மேல் கட்டியது. ப்ரோபுக்குள் தற்காலிகமாக ஒரு பஃபர் எடுத்து, காலிப்ரேஷன் மதிப்புகளைப் படித்துவிட்டு அங்கேயே விடுவிக்கிறீர்கள் என்றால் அந்தப் பஃபருக்கு __ஃப்ரீ(கேஃப்ரீ) பொருத்தம். அதை டெவ்எம்மில் எடுத்தால் டிரைவர் கழலும் வரை காரணமில்லாமல் நினைவகம் பிடித்துக்கொண்டு கிடக்கும். இதே காரணத்தால் ஓப்பன், ரீட் போன்ற ஃபங்ஷன்களில் டெவ்எம்_கேஇசட்அல்லாக் போடவே கூடாது. ஒவ்வொரு ஓப்பனுக்கும் பட்டியல் நீண்டுகொண்டே போகும், குளோஸ் செய்தாலும் குறையாது.

எனக்கு இதில் உண்மையாகவே நிம்மதி தந்த இடம் டிவைஸ் ட்ரீ (போர்டில் உள்ள ஹார்ட்வேரை விவரிக்கும் மரவடிவத் தரவு). குழந்தை நோடுகளை லூப்பில் சுற்றும்போது, ஒவ்வொரு நோடுக்கும் ஒரு ரெஃபரன்ஸ் எடுத்துத்தான் லூப் நகரும். நடுவில் பிழை என்று ரிட்டர்ன் செய்தால் ஆஃப்_நோட்_புட்டை நீங்களே கூப்பிட வேண்டும். கண்ணுக்கே தெரியாத கசிவு அது. இப்போது அந்த லூப் மேக்ரோக்களுக்கே _ஸ்கோப்ட் என்று முடியும் வடிவங்கள் இருக்கின்றன, ரிட்டர்ன், பிரேக் எதுவானாலும் நோடு தானாகத் திரும்பும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரே ஃபங்ஷனில் கோட்டோவையும் இதையும் கலக்காதீர்கள், கிளீனப்.எச் கோப்பின் தலைக்குறிப்பே அதைச் சொல்கிறது. இன்னொன்று, ஃபங்ஷனின் உச்சியில் எல்லா வேரியபிளையும் நல் என்று அறிவித்துவிட்டுக் கீழே மதிப்புக் கொடுக்கும் பழைய பழக்கம். இங்கே விடுவிக்கும் வரிசை, அறிவித்த வரிசைக்கு எதிர்த்திசை. உச்சியில் பாயின்டரை அறிவித்து, பிறகு கார்ட்(மியூடெக்ஸ்) போட்டு, அதன் பின் அந்தப் பாயின்டருக்கு ஒரு பொருளைக் கொடுத்தால், லாக் முதலில் விடுபட்டு அப்புறம்தான் பொருள் விடுபடும். அந்தப் பொருளை லாக்கோடு விடுவிக்க வேண்டியிருந்தால் அங்கே ஒரு ரேஸ் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) உண்டாகிவிட்டது. எங்கே மதிப்புக் கிடைக்கிறதோ அங்கேயே அறிவியுங்கள்.

எந்த சப்சிஸ்டத்துக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நெட்வொர்க்கிங் பராமரிப்பாளர்கள் இந்தத் தானியங்கி முறைகள் எல்லாவற்றையும், டெவ்எம் உட்பட, சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். 20 வரிக்கு மேல் போகும் ஃபங்ஷனில் கார்ட் வேண்டாம் என்று அவர்கள் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். லாக் எங்கே விடுபடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற அவர்கள் வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. நீண்ட ஃபங்ஷனில் ஸ்கோப்ட்_கார்ட் போட்டு அதற்கென்று ஒரு பிளாக் திறப்பதே மேல்.

கோட்டோ_அவுட் பதில்:

பழைய_டிரைவர் சொன்ன வரிசை சரி. ஆனால் அதில் முதல் வரியில், "முதலில் ஸ்ட்ரக்ட்" என்பதில், ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது டெவ்எம்_கேஇசட்அல்லாக் ஆக இருக்கக்கூடாது, இந்த டிரைவரில்.

காரணம் மிஸ்க் டிவைஸ். ஒரு ப்ராசஸ் அந்தக் கேரக்டர் டிவைஸைத் திறந்து வைத்திருக்கிறது என்று வையுங்கள். மாட்யூலை நீக்க முடியாது, ஃபைல் ஆபரேஷன்ஸின் ஓனர் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் சிஸ்எஃப்எஸ் அன்பைண்டுக்கு அந்தத் தடை கிடையாது. மிஸ்க்_டிரெஜிஸ்டர் புதிதாகத் திறப்பதை மட்டும்தான் தடுக்கும், ஏற்கெனவே திறந்திருப்பவர்கள் மூடும் வரை காத்திருக்காது. டெவ்எம் ஸ்ட்ரக்ட்டை விடுவித்த பிறகு அந்த ப்ராசஸ் ரீட் என்று கூப்பிட்டால், விடுபட்ட நினைவகத்தில் இருக்கும் மியூடெக்ஸைத்தான் உங்கள் டிரைவர் பூட்டப் போகும். ஹார்ட்வேரை எவ்வளவு அழகாக வரிசைப்படுத்தியிருந்தாலும் இது நடக்கும். 2022 லினக்ஸ் ப்ளம்பர்ஸ் மாநாட்டில் கெர்னல் டெவலப்பர் லோரான் பின்ஷார் இதைப் பற்றியே, டெவ்எம்_கேஇசட்அல்லாக் தீங்கானது என்று தலைப்பு வைத்தே பேசினார். குற்றம் அந்த ஃபங்ஷனுடையது அல்ல என்பது என் எண்ணம். ரெஜிஸ்டரும் கிளாக்கும் ஐஆர்க்யூவும் டிவைஸோடு போக வேண்டியவை. ஸ்ட்ரக்ட்டோ, அதைக் கடைசியாகத் தொடுபவர் போகும் வரை இருக்க வேண்டியது. இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவதுதான் தவறு.

செய்ய வேண்டியது: ஸ்ட்ரக்ட்டைச் சாதாரண கேஇசட்அல்லாக்கில் எடுங்கள், உள்ளே ஒரு கேரெஃப் (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) வையுங்கள். ப்ரோபின் பங்கான ரெஃபரன்ஸைத் திருப்பித் தருவதை முதல் டெவ்எம் ஆக்ஷனாகப் பதியுங்கள், அதனால் கழலும்போது அது கடைசியில் ஓடும். ஓப்பனில் ஒரு ரெஃபரன்ஸ் எடுங்கள், ஃபைலின் ரிலீஸில் திருப்புங்கள். ஓப்பனுக்கும் டிரெஜிஸ்டருக்கும் நடுவே ரேஸ் வராதா என்று கேட்கலாம். மிஸ்க்_ஓப்பன், மிஸ்க்_எம்டிஎக்ஸ் என்ற மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் ஓப்பனைக் கூப்பிடுகிறது. மிஸ்க்_டிரெஜிஸ்டரும் அதையே பிடிக்கும். ஆகவே உங்கள் ஓப்பன் ஓடும் தருணத்தில் ஸ்ட்ரக்ட் உயிரோடு இருப்பது உறுதி.

நினைவகம் பிழைத்தால் மட்டும் போதாது, ஹார்ட்வேர் போய்விட்டது என்பதும் ரீடுக்குத் தெரிய வேண்டும். ஸ்ட்ரக்ட்டில் "போய்விட்டது" என்று ஒரு பூல் வையுங்கள். ரீட், ஐஆக்டில் எல்லாம் மியூடெக்ஸைப் பிடித்து அதைப் பார்த்து, உண்மை என்றால் மைனஸ் ஈநோடெவ் (டிவைஸ் இல்லை என்ற பிழை எண்) என்று திரும்ப வேண்டும். ரெஜிஸ்டரைத் தொட்டு முடிக்கும் வரை மியூடெக்ஸ் கையிலேயே இருக்க வேண்டும், பார்த்துவிட்டு விட்டுவிட்டால் பயனில்லை. மிஸ்க்_டிரெஜிஸ்டர் ஆக்ஷனிலேயே, அதே மியூடெக்ஸைப் பிடித்து அந்தக் கொடியை ஏற்றுங்கள், பிறகு வெயிட் க்யூவில் தூங்கும் ரீடர்கள் அத்தனை பேரையும் எழுப்பிவிடுங்கள். அவர்கள் தூங்கும்போது மியூடெக்ஸை விட்டுவிட்டுத்தான் தூங்க வேண்டும், எழுந்ததும் மறுபடி பிடித்துக் கொடியைப் பார்க்க வேண்டும். இந்த எழுப்பலை மறந்தால், இனி வரவே வராத சாம்பிளுக்காக ஒரு ப்ராசஸ் காத்துக்கொண்டே கிடக்கும்.

சோதிக்க: ஒரு ஷெல்லில் ரீட் ஓடட்டும், இன்னொன்றில் அன்பைண்ட், பைண்ட் என்று லூப்பில் விடுங்கள், கேசனும் கேமெம்லீக்கும் (நினைவகக் கசிவைக் கண்டறிவது) ஆனில் இருக்கட்டும். கான்ஃபிக்_டீபக்_டெஸ்ட்_டிரைவர்_ரிமூவ் என்றும் ஒன்று இருக்கிறது. பூட்டில் ஒவ்வொரு டிரைவரையும் ப்ரோப் செய்து, கழற்றி, மறுபடி ப்ரோப் செய்து பார்க்கும். வேறு டிரைவர்களின் பிழைகளும் சேர்ந்து வெளியே வரும், அதனால் சோதனை பில்டில் மட்டும் போடுங்கள்.

ரெஜிஸ்டர்_மேப் பதில்:

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய_டிரைவர் சொன்ன வரிசையில், கோட்டோ_அவுட் சொன்ன கேரெஃபோடு எழுதிவிட்டேன். சாம்ப்ளிங் ஓட ஓட அன்பைண்ட் செய்தாலும் போர்டு நிற்கவில்லை. ரிமூவ் ஃபங்ஷனும் போய்விட்டது.

இன்னொரு உதவி. இதே டிரைவரை 5.10 அடிப்படையிலான ஒரு வெண்டர் கெர்னலிலும் ஓட்ட வேண்டும். அதில் டெவ்எம்_வொர்க்_ஆட்டோகேன்சல் இல்லை. டெவ்எம்_சிஎல்கே_கெட்_எனேபிள்ட்டையும் காணோம். அங்கே மட்டும் பழைய கோட்டோவுக்குப் போக வேண்டியதுதானா?

பழைய_டிரைவர் பதில்:

கோட்டோ_அவுட் சொன்னது சரி, ஸ்ட்ரக்ட் விஷயத்தில் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

கோட்டோவுக்குப் போக வேண்டாம். அந்தப் புதிய ஃபங்ஷன்கள் உள்ளே செய்வதை நீங்களே சில வரிகளில் செய்துகொள்ளலாம், ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட் 5.10-லேயே இருக்கிறது. டெவ்எம்_சிஎல்கே_கெட்டில் கிளாக்கை வாங்குங்கள், சிஎல்கே_ப்ரிப்பேர்_எனேபிள் செய்யுங்கள், அது வெற்றி பெற்ற அடுத்த வரியிலேயே நிறுத்தும் ஃபங்ஷனை ஆக்ஷனாகப் பதியுங்கள். இரண்டுக்கும் நடுவே வேறு எதையும் நுழைக்காதீர்கள். பதிவதே தோற்றால், பெயரில் இருக்கும் ஆர்_ரீசெட் உங்கள் ஃபங்ஷனை அப்போதே ஒருமுறை ஓட்டிவிடும். எனவே பிழை வந்தால் அப்படியே ரிட்டர்ன் செய்யுங்கள். பதற்றத்தில் அங்கே இன்னொருமுறை கிளாக்கை நிறுத்தினால், ஏற்கெனவே நிறுத்தியாயிற்று என்று கிளாக் கோர் வார்னிங் கொட்டும்.

வொர்க்குக்கும் இதேதான்: இனிட்_வொர்க், அடுத்த வரியில் கேன்சலுக்கான ஆக்ஷன், அதற்குப் பிறகு ஐஆர்க்யூ. ஆனால் கேன்சல்_வொர்க்_சின்க்கை நேரடியாகக் காஸ்ட் செய்து ஆக்ஷனாகக் கொடுக்காதீர்கள். அது பூல் திருப்பும் ஃபங்ஷன், வொர்க்_ஸ்ட்ரக்ட் பாயின்டர் வாங்கும். ஆக்ஷன் எதிர்பார்ப்பதோ வாய்ட் பாயின்டர் வாங்கி எதையும் திருப்பாத ஒன்று. சிஎஃப்ஐ (கூப்பிடும் ஃபங்ஷனின் வகையைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) ஆன் செய்த கெர்னலில் இந்தப் பொருத்தமின்மையே டிரைவரைக் கீழே தள்ளிவிடும். ஒரு வரி ரேப்பர் எழுதி அதைக் கொடுங்கள்.